சூரிச் பார்க்கக் கூட்டிப்போன நாள்

சுவிஸுக்கு வந்து எனக்கு அது ஆறாவது கிழமை. அதுவரை நான் அறிந்த சுவிஸ் என்பது வின்டர்தூரில் எங்கள் மூன்றாம் மாடி வீடு, தெருமுனைக் கடை, கட்டடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்க எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான். ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தவர்கள் எல்லாரும் சூரிச் எப்படி என்று கேட்டார்கள். படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள் என்ன சொல்வது. நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி வைத்தேன்.

என் கணவர் எனக்குப் பத்து வருடம் முன்னதாகவே வந்தவர். பொதிகள் பிரிக்கும் பெரிய களஞ்சியம் ஒன்றில் பின்னேர வேலை. ஒரு புதன்கிழமை, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை உம்மட சிநேகிதிமாரோட போய் சூரிச்சைப் பாத்திட்டு வாரும். அவையளோட நான் கதைச்சிட்டன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது. என்ன கதைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. என்ன உடுப்புப் போடலாம் என்று அலுமாரியைத் திறந்துவிட்டேன்.

எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் ஏழு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். இங்கே அதே வேலையைச் செய்ய வேண்டுமானால் என் சான்றிதழ்களை அங்கீகரிக்க வைப்பதோடு, ஜெர்மன் மொழியிலும் இன்னும் மூன்று படி ஏற வேண்டும். விசாவுக்காகக் கொழும்பில் படித்த முதற்படி போதாது. விண்ணப்பித்துக் காத்திருந்து, கடைசியில் காலை வகுப்பொன்றில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் காலையில். அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை தொடக்கம். கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தேன்.

அதை வாசித்துவிட்டு அவர் சொன்னது ஒரே வசனம். "வேலைக்குப் போனா பாஷை தன்பாட்டில வரும்."

"பாஷை வந்தால்தான் என்ர வேலை வரும்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக அந்தப் பேச்சே இல்லை. மனிதர் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். இவ்வளவு வயதாகியும் அப்படி நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தனியாக ரயில் ஏறினேன். வெளிக்கிடும்போது அவர் இரண்டு விஷயம் சொன்னார். விசா அட்டையை மறக்க வேண்டாம், தட்டையான சப்பாத்துப் போடும், நிறைய நடக்க வேணும். என்ன கரிசனை என்று மனதுக்குள் உருகினேன்.

சூரிச் நிலையத்தில், கூரையிலிருந்து தொங்கும் சிறகு வைத்த தடித்த பெண் பொம்மைக்குக் கீழே சிநேகிதிகள் இருவரும் நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மூவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருத்தியை நாங்கள் கணக்குக்காரி என்போம். ஆசிரியை கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். மற்றவள் பாட்டுக்காரி. எல்லா விழாவுக்கும் கடவுள் வாழ்த்து அவள்தான். கணக்குக்காரி கலியாணமாகி வந்து பன்னிரண்டு வருடம், சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் இருக்கிறாள். பாட்டுக்காரி வில் என்ற ஊரில் இருந்து வந்திருந்தாள். கட்டிப்பிடித்து, குண்டாகிவிட்டாய் மெலிந்துவிட்டாய் எல்லாம் சொல்லி முடித்து, வெளியே வந்தோம்.

நகரம் அழகுதான். அதில் எனக்கு வழக்கு இல்லை. நீல வெள்ளை ட்ராம்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கடைக் கண்ணாடிக்குள் இருந்த கைக்கடிகாரங்களுக்கு விலைத்துண்டே இல்லை. தெருவில் இருந்த நீரூற்றில் ஒரு கோட்டு சூட்டுக்காரர் குனிந்து கையால் ஏந்தித் தண்ணீர் குடித்தார். நானும் குடித்தேன். பல் கூசியது. ஏரிக்கரையில் அன்னங்கள் யாரோ எறிந்த பாண் துண்டுக்காகச் சண்டை பிடித்தன. அன்னம் என்றால் ஏதோ பெரிய மரியாதைக்காரப் பறவை என்று நினைத்திருந்தேன், நேரில் பார்த்தால் எங்கள் ஊர் வாத்தை விட மோசம். அதைச் சொல்லி நான் சிரித்தபோது கணக்குக்காரி என் கையைப் பிடித்தாள்.

"மெல்லக் கதை. இஞ்ச ஆக்கள் திரும்பிப் பாப்பினம்."

"பாத்தா என்ன?"

"உனக்கு விளங்காது. வந்து ஆறு கிழமைதானே."

அன்று காலை முழுக்க இதே பல்லவிதான். உனக்கு விளங்காது. ட்ராமில் கதைக்காதே, அங்கே சாயாதே, அவர்களைப் பார்த்துச் சிரிக்காதே. என்னை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தாள். இரட்டைக் கோபுரத் தேவாலயத்துக்கு முன்னால் ஒன்று, பாலத்தில் ஒன்று, ஏரிக்கு முன்னால் நாலு. எடுத்த கையோடு யாருக்கோ அனுப்பினாள். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு நேரத்தைப் பார்த்தாள். படகில் ஒரு சுற்றுப் போவோமா என்று கேட்டேன். நேரமில்லை என்றாள்.

"சுத்திப் பாக்க வந்த நாளில நேரமில்லையோ?"

"என்ர வேலையிடத்தில ஒரு சின்ன அலுவல். டீட்டிகோனுக்குப் போய் அதை முடிச்சிட்டு, என்ர வீட்டில சாப்பிடுவம். நண்டு வாங்கி வச்சிருக்கிறன்."

பாட்டுக்காரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நண்டு என்றதும் நானும் நடையைக் கட்டினேன்.

அவளுடைய வேலையிடம் ஒரு பெரிய சலவைச் சாலை. முதியோர் இல்லங்களினதும் ஆஸ்பத்திரிகளினதும் துணிகள் அங்கே வருகின்றன. அந்த மண்டபத்தில் வெக்கையும் சோப்பு மணமும். ஈரத் துணியை விழுங்கி மறுபக்கம் தட்டையாகத் துப்புகிற பெரிய உருளை இயந்திரம். அதற்கு முன்னால் நின்ற பெண்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். மேற்பார்வையாளர் ஒரு சுவிஸ் அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. கை கொடுத்தார், குரூட்சி என்று வணக்கம் சொன்னார், என் பாதத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். கணக்குக்காரி வெள்ளைச் சப்பாத்தொன்றும் மேலங்கியொன்றும் கொண்டுவந்து தந்தாள்.

"உள்ளுக்க போறதெண்டா இது போட வேணும். சுத்தம் பாக்கிறவை."

சத்திர சிகிச்சை அறைக்குள் போக நானும்தான் ஏழு வருடம் சப்பாத்து மாற்றியிருக்கிறேன். சந்தேகமே வரவில்லை. பாட்டுக்காரி மட்டும் கால் நோகுது என்று சிற்றுண்டி அறையில் இருந்துவிட்டாள்.

எங்கள் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒருத்தி வேலை செய்யும்போது பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எங்களால் முடியாது. விருந்துக்குப் போன வீட்டிலேயே வெங்காயம் உரிப்பவர்கள் நாங்கள். கணக்குக்காரி படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். "இதை ஒருக்காப் பிடியன்" என்றாள். பிடித்தேன். அதன் பிறகு கை தன்பாட்டில் ஓடியது. விரிப்பு மடிப்பது எனக்குப் புதிதா? பதினெட்டுக் கட்டில் உள்ள வார்ட்டை வைத்தியர் வருவதற்குள் நேராக்கி நிறுத்தியவள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கம் இல்லாமல், அடுக்கு அடுக்காக வைத்தேன். சொல்லப்போனால் சந்தோஷமாகவும் இருந்தது. ஆறு கிழமைக்குப் பிறகு என் கைக்கு ஒரு வேலை. நல்ல பேர் வாங்க வேண்டும் என்றும் ஆசை, சிநேகிதியின் முகத்துக்காக. அந்த அம்மா இரண்டு தரம் வந்து நின்று பார்த்தார். அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். சின்ன அலுவல் என்றது ஒரு மணித்தியாலமானது, பிறகு இரண்டானது. வயிறு கத்தியது.

கடைசியில் அந்த அம்மா எங்களைத் தன் அறைக்கு அழைத்து எனக்குக் கோப்பி வைத்தார். மேசையில் ஒரு தாள் இருந்தது. அதில் அச்சடித்திருந்த முதல் வரி என்னுடைய பெயர்.

என் பிறந்த திகதி, வீட்டு விலாசம், விசா இலக்கம், எல்லாம் சரியாக இருந்தன. நான் பையில் பத்திரமாகக் கொண்டுவந்த அட்டையை ஒருவரும் கேட்கவே இல்லை. அதன் படம் எனக்கு முன்னமே அங்கே வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த அட்டையைப் படம் எடுக்கக்கூடியவர் ஒருவர்தான்.

"இது என்ன?" என்று கணக்குக்காரியைக் கேட்டேன்.

"வேலை ஒப்பந்தம். நீ இப்ப செய்ததை ஷ்னுப்பர்ன் எண்டு சொல்லுறது. வேலை தர முதல் ஒரு நாள் செய்விச்சுப் பாப்பினம். இஞ்ச எல்லா இடத்திலயும் அப்பிடித்தான். நீ பாஸ். அவவுக்கு உன்னை நல்லாப் பிடிச்சிட்டுது."

"எனக்குச் சொல்லேல்லையே."

"சொன்னா வந்திருப்பியோ? உன்ர மனிசன்தான் கேட்டவர். காலமை வேலை, ஆறரைக்குத் தொடங்கும், பன்னிரண்டரைக்கு முடிஞ்சிடும். நான் நல்லதுதானே செய்தனான்."

கோபம் உள்ளங்காலில் இருந்து ஏறியது. அந்த ஏரி, அந்த அன்னம், அந்தப் படங்கள், எல்லாம் சந்தைக்குக் கொண்டுபோகிற ஆட்டுக்குக் காட்டுகிற குழை. நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறேன். வார்ட்டில் நான் படித்த தொழிலின் நேர்த்தியைக் கொண்டே அந்தத் தொழிலுக்கு நான் போகாமல் ஆக்கப் பார்த்திருக்கிறார்கள். அவரும் இவளும் கூட்டாக. நான் என்ன குழந்தைப்பிள்ளையா? ஊசி போட முதல்கூட நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுகிறோம்.

"நீ கணக்குப் படிப்பிக்கப் போறன் எண்டு சொன்னவள். நீயுமோ இப்பிடிச் செய்யிறது?" என்றேன்.

அவள் முகம் கறுத்தது. "என்னையும் ஒரு அக்கா இப்பிடித்தான் கூட்டிக்கொண்டு வந்தவ. கோயிலுக்கெண்டு சொல்லி. அப்ப நான் அழுதனான். பிறகு பழகீட்டுது. உனக்கும் பழகும்."

இதை ஏதோ ஆறுதல் மாதிரிச் சொன்னாள். என் கோபம் இன்னும் கூடியது.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து நிதானமாக, திங்கட்கிழமை தொடங்க முடியுமா என்று கேட்டார். அது எனக்கு விளங்கியது.

"திங்கக்கிழமை எனக்கு வகுப்பு எண்டு அவவுக்குச் சொல்லு" என்றேன் கணக்குக்காரியிடம்.

அவள் திரும்பி, நல்ல சரளமான ஜெர்மனில், சிரித்த முகத்தோடு சொன்னாள். பன்னிரண்டு வருடம் வேலையில் தன்பாட்டில் வந்த ஜெர்மன். "இவளுக்கு மிகவும் சந்தோஷம். திங்கட்கிழமை நல்லது. இவள் வருவாள்."

முதற்படி படித்தவளுக்கு இது விளங்காது என்று நினைத்துவிட்டாள். கொழும்பில் எங்களுக்கு முதல் கிழமையிலேயே படிப்பித்தது கிழமை நாட்களையும் சந்தோஷம் என்ற சொல்லையும்தான்.

கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். "நைன்" என்றேன், முடியாது என்று. "திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம். ஜெர்மன் வகுப்பு. நான் தாதி. இன்று வேலை என்று எனக்குத் தெரியாது." நாலு வசனம். வேற்றுமையெல்லாம் பிழையாகத்தான் இருந்திருக்கும். வாழ்க்கையில் நான் ஜெர்மனில் சேர்ந்தாற்போல் கதைத்தது அதுதான் முதல் தரம், அதுவும் கோபத்தில்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கணக்குக்காரியிடம் ஏதோ கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு அவர் அந்தத் தாளை எடுத்து என்னிடமே தந்தார். மன்னிக்கவும் என்றார். அன்று என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நண்டு சாப்பிட நான் போகவில்லை. டீட்டிகோன் நிலைய மேடைக்கு இருவரும் என் பின்னால் வந்தார்கள். பாட்டுக்காரி அப்போதுதான் வாயைத் திறந்தாள்: "நான் சொன்னனான் இவளுக்கு, உண்மையைச் சொல்லிக் கேப்பம் எண்டு." என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். இவள் மீதும் எனக்குக் கோபம்தான்.

தொலைபேசி அடித்தது. அவர்.

"என்ன, ஓமெண்டு சொல்லீட்டீரோ?"

"இல்லை. திங்கக்கிழமை நான் வகுப்புக்குப் போறன். இனி என்ர விசா அட்டையை என்னைக் கேக்காமல் தொடாதேங்கோ."

நான் வைத்துவிட்டேன். அவரோடு அதற்குப் பிறகு நடந்தது நீண்ட கதை, இரண்டு வருடச் சண்டை. நான் வகுப்பை விடவில்லை, அதை மட்டும் சொல்லலாம். இன்று நான் போடுவது தாதி உடுப்புத்தான்.

ஆனால் என்னை இன்னும் அரிப்பது அதில்லை. ரயில் வர இரண்டு நிமிடம் இருந்தது. கணக்குக்காரி கிட்ட வந்து நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காலையில் எச்சரித்த அதே மெல்லிய குரலில் கேட்டாள்:

"எடி, எனக்குக் கதைக்கத்தான் தெரியும், எழுத வராது. அந்த வகுப்பு பின்னேரத்திலயும் இருக்கோ? என்னை மாதிரி வேலை செய்யிற ஆக்களையும் எடுப்பினமோ?"

இருந்தது. வகுப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் மாலை வகுப்புகளின் நேரம் எல்லாம் போட்டிருந்தது, எனக்குத் தெரியும். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அந்தப் பின்னேரம் முழுக்கக் கொதித்தவள் நான். அவள் என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் ரயிலில் ஏறினேன்.