பதினைந்து வார்த்தைகளும் என் மனைவியின் வேலையும்

பிள்ளைகள் எத்தனை மணி நேரம் வீடியோ கேம் ஆடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது என் மனைவியின் வேலை. எடை, தூக்கம், கண் எரிச்சல் எல்லாம் குறிக்க வேண்டும். கடைசியில் பதினைந்து வார்த்தைகளை ஒரே சீராக வாசித்துக்காட்டி, எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று சோதிக்க வேண்டும். கேமால் உடம்பும் படிப்பும் என்ன ஆகிறது என்று ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்கிறார். நூறு பிள்ளைகளை ஒழுங்காக முடித்துக்கொடுத்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை உறுதி. அதற்காக இவள் நாயாய் அலைந்தாள்.

ஆராய்ச்சியாம்! போகிற வீட்டிலெல்லாம் பொய். உள் அறையில் பையன் "சுடுடா, சுடுடா" என்று கத்திக்கொண்டிருப்பான். "எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லைங்க" என்பாள் அவன் அம்மா, வாய் கூசாமல். இன்னொருத்தி படிவத்தைப் பார்த்துவிட்டு, "பாஸ் மார்க் எவ்வளவுங்க?" என்று கேட்டாளாம். இவள் எல்லாருக்கும் பொறுமையாக விளக்கிவிட்டு வந்து, எரிச்சலையெல்லாம் என் தலையில் கொட்டுவாள். "எல்லாருக்கும் அரை மணி நேரம்னு போட்டுட்டு வா" என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தாள்.

வீட்டில் பயிற்சி வேறு. மணல், தொப்பி, பாலம், எலுமிச்சை... நொடிக்கு ஒன்றாக வர வேண்டுமாம். குழாய் ரிப்பேருக்குப் போன இடத்தில் என் வாயிலும் அதுதான் வந்தது.

அறுபது வீடு தாண்டியதும் எல்லாப் பிள்ளைகளும் பதினைந்துக்குப் பதினைந்து! நாளெல்லாம் ஆடுகிறவனும் சரி, உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறவளும் சரி. இவளுக்குப் பொறி தட்டியது. ஒரு பொடியன், 'பாலம்' வரை வாசித்து இவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அடுத்தது எலுமிச்சை ஆன்ட்டி" என்று எடுத்துக்கொடுத்தான். துருவித் துருவிக் கேட்டாள்.

"கேம் ஆடும்போது மைக்ல உங்க பொண்ணுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தா."

எட்டாவது படிக்கும் எங்கள் மகள்!

"யாருக்குத் தெரியப்போகுது? பேசாம குடுத்துடு" என்றேன்.

"கேம் ஆடினா ஞாபகசக்தி பிரமாதம்னு எழுதிடுவாங்க. அதை நம்பி எத்தனை பேர் பிள்ளைங்களை ஆட விடுவாங்க? பரவாயில்லையா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் அப்போதே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. யாருக்கு எப்போது வார்த்தைகள் தெரிந்தன என்று கண்டுபிடிக்க முடியாததால் எல்லாப் படிவமும் செல்லாது, புது வார்த்தைகளோடு வேறு ஆளை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறேன் என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் வேலை போயே போய்விட்டது.

மகள் டியூஷனிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இவள் கையை ஓங்கிக்கொண்டு போனாள். "ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"எங்க ஸ்கூல்ல பசங்க மார்க் குறைஞ்சா டீச்சரைத்தாம்மா கூப்பிட்டுத் திட்டுவாங்க. இவங்கல்லாம் தப்புத் தப்பா சொன்னா உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன். அதான் எல்லாரும் உனக்காக மனப்பாடம் பண்ணினோம்."

இவள் ஓங்கிய கையை இறக்கினாள். வாய் வரைக்கும் வந்த திட்டை யார் மேல் கொட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை.