தகடு நீட்டிய சில்லுகள்

நோர்வேயில் இருக்கும் என் நானா, அதாவது அண்ணன், மலைப்பனியில் ஓடும் மெசின்களைத் திருத்துபவர். அவற்றின் அடியில் ரப்பர் பட்டி ஒன்று சுழலும். இளகிய பனியில் புதையாமலிருக்க, உயரமான பற்கள் கொண்ட பட்டியை மாட்டுவதை ஒருநாள் வீடியோவில் காட்டினார்.

நான் குறிஞ்சாக்கேணியில் வெல்டிங் வேலை செய்கிறேன். அந்தப் போகத்தில் என் மனைவியின் தம்பி கந்தளாய்ப் பக்கம் உழப்போனபோது, அவனுடைய டிரக்டர் சேற்றில் இரண்டு தரம் புதைந்துவிட்டது. நானா காட்டியது நினைவுக்கு வந்தது. சேற்றில் ஓட டிரக்டரின் சக்கரங்களாகப் பூட்டும் இரும்புச் சில்லுகளின் தகடுகளை ஒரு சாண் நீட்டி ஒட்டிக் கொடுத்தேன்.

முதல் நாள் டிரக்டர் எங்கும் நிற்கவில்லை. மறுநாள் காலை, பெருமையோடு பார்க்கப் போய் வரம்பில் நின்றேன்.

வயலின் தாழ்ந்த மூலையில் சில்லுகள் இறுகிப்போயின. தகடுகள் அடிமண்ணைக் கவ்விக்கொண்டன. ஓட்டிக்கொண்டிருந்த மனைவியின் தம்பி வேகத்தைக் கூட்டினான். சில்லு சுழலவில்லை, மெசினின் முன்பக்கம் எழும்பத் தொடங்கியது. முன்சில்லுகள் என் தலையுயரத்துக்கு வந்துவிட்டன. இன்னும் கொஞ்சம் எழும்பினால் மெசின் மல்லாந்து அவன்மேல் விழும். கிளச்சை மிதி என்று கத்த வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவனாகவே மிதித்தான். முன்பக்கம் தொப்பென்று சேற்றில் விழுந்தது.

முழங்காலளவு சேற்றில் விழுந்தெழும்பி ஓடினேன்.

"அடிபட்டதா?"

"இல்ல மச்சான்." ஸ்டியரிங்கை விடாமலே சொன்னான். "கொஞ்சந்தான் கிடக்கு. முடிச்சிட்டுத் தகட்ட வெட்டுவம்."

"ஏலாது. இறங்கு."

சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டேன். அவன் இறங்கினான்.

சில்லுகளைக் கழற்றிப் பக்கத்து நெல் ஆலைக்குக் கொண்டுபோய், ஒட்டியதையெல்லாம் வெட்டியெடுத்தேன். முன்பக்கம் எழும்பாமலிருக்க மெசினின் முன்னால் மணல் மூட்டைகளும் கட்டினோம். பின்னேரம் அதே மூலையில் டிரக்டர் மறுபடி புதைந்தது. சில்லுகள் சும்மா சுழன்று சேற்றை வாரியடித்தன. முன்பக்கம் அசையவில்லை. புதைந்தாலும் இனி மல்லாராது என்று அப்போதுதான் நம்பினேன். பலகை போட்டு மெல்லப் பின்னால் எடுத்தோம்.

வீட்டில் மனைவியிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. எல்லாம் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவன் சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

இன்றைக்கும் அவன் வயலுக்குப் போகும் நாளில் நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.