ரிப்பேர், கிவ்

ஐந்தாம் வகுப்பில் தோற்றவன் நான். ஆனால் ஷார்ஜா தொழிற்பேட்டையில் என் பழைய இன்ஜின் கடையைத் தெரியாத ஆள் கிடையாது. போன வருஷம் உள்மங்கோலியாவிலிருந்து ஒரு லாரி வியாபாரி வந்தார். கண்டெய்னர் கண்டெய்னராக வாங்கக்கூடியவர். ஓர் இன்ஜினைத் தொட்டு, அரைகுறை இங்கிலீஷில் "ரிப்பேர், கிவ்" என்றார்.

இங்கேயே படித்து வளர்ந்த என் மகன் முகத்தைச் சுளித்தான். "ரிப்பேர் பண்ணி ஓசியில குடுக்கணுமாம் வாப்பா. வேற கடை பாக்கச் சொல்லவா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் வாசல் பக்கம் திரும்பிவிட்டார். வந்த ஆளை விட்டுவிட்டா நான் இந்த நிலைக்கு வந்தேன்?

"இருடா. 'ரிப்பேர் பண்ணிக் குடு'ங்கிறாரு. நாமளும் அப்படித்தானே கேப்போம்?"

சோதித்துப் பார்க்க, ஒரு சமோசாவை அவரிடம் நீட்டி "ஈட், சீ" என்றேன்.

"மானத்த வாங்காதீங்க வாப்பா."

அவரோ சிரித்துவிட்டார். "இதெஜ் உஜ்" என்றார். இதெஜ் என்றால் சாப்பிட்டு, உஜ் என்றால் பார். மங்கோலியா நாட்டில் 'உஸ்' என்பார்களாம், அவர் ஊர்ப் பேச்சில் 'உஜ்'. சாப்பிட்டுப் பார் என்றால் கண்ணால் பார்க்கவா சொல்கிறோம்? அவர்களுக்கும் அப்படித்தான்.

இன்ஜினை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தோம். போன வாரம் மகனின் போனுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: "Come, be."

"வந்துகிட்டு இருக்காராம் வாப்பா" என்று சொல்லிவிட்டு, ஏர்போர்ட்டுக்குப் போக வண்டிச் சாவியை அவனே எடுத்தான்.