ராஜயோகமும் பேஸ்போலும்

வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்றான பிறகு, புது வருடத்துக்கு முன்பா பின்பா என்று வைத்தியர் எங்களையே கேட்டார். என் கணவர் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த ஒரு சாத்திரியாரிடம் ஓடினார். டிசம்பர் கடைசியில் ராஜயோகமாம், பிள்ளை ஊரை ஆளுமாம். ஆண்டு முடிய இரண்டு நாள் இருக்கையில் மகாராணியை எடுத்தார்கள்.

அந்த யோகத்தின் சாயம் வில்லரேயில் ஒரு பேஸ்போல் மைதானத்தில் வெளுத்தது. இந்த நாட்டு விளையாட்டில் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பர் முடிவில் பிறந்தவளும் ஒரே வயதாம். என்ன மூளை! அந்த ஜனவரித் தடியன்களுக்கு மீசை முளைக்காததுதான் குறை. பக்கத்தில் என் மகள் அவர்களுடைய தங்கச்சி போல நின்றாள்.

அவளுக்குப் பந்தெறிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. குளிர்காலம் முழுக்க பேஸ்மெண்ட் சுவரில் எறிந்து பழகினாள். அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு இரண்டு வருடம் போனாள், இரண்டு வருடமும் கழித்துவிட்டார்கள். திறமை பிறப்பிலேயே வரவேண்டும் என்றார் கோச். பிறந்த திகதியில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

தெரிவான பையன் ஒருவனின் தகப்பன், எங்கள் ஆள்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"எங்கட பரம்பரை ரத்தம் அப்பிடி, அக்கா."

பரம்பரையில் எவர் பேஸ்போலைக் கண்டார்?

"மகன் எப்ப பிறந்தவர்?"

"தை மூண்டு."

"அப்ப ரத்தமில்லைத் தம்பி, கலண்டர்."

மகள் காருக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த நேரம் பார்த்து என் கணவர், "சாத்திரியாரிட்டை இன்னொருக்காக் கேட்டுப் பாப்பமே?" என்றார்.

"கேளுங்கோ. பிள்ளையைத் திருப்பி உள்ளுக்கை வைக்க நல்ல நாள் இருக்கோ எண்டு கேளுங்கோ."

அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை.

வருடங்கள் கழித்து, போன கோடையில் ஜான்-டலோன் சந்தையில் சோளம் வாங்கிக்கொண்டிருந்தோம். மகள் இப்போது என்னைவிட ஒரு தலை உயரம். அதே கோச் எதிரே வந்தார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுடைய நீண்ட கைகளையே பார்த்துவிட்டு, "எப்போதாவது பேஸ்போல் எறிந்து பார்த்திருக்கிறாயா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"எறிந்திருக்கிறேன்," என்றாள் மகள். "இரண்டு வருடம், உங்கள் கண் முன்னாலேயே."