பக்கிரிசாமியிடம் பயிரைப் பற்றிக் கேட்கக் கூடாது

1. மெமோ

உதவி வேளாண்மை அலுவலராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் எனக்கு மெமோ வாங்கிக் கொடுத்த ஒரே விவசாயி பக்கிரிசாமிதான். அதுவும் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார்.

பட்டுக்கோட்டைக்குத் தென்கிழக்கே, அதிராம்பட்டினம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கடைமடைக் கிராமம். ஊர்ப்பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அங்கே மாற்றலாகிப் போன இரண்டாவது வாரம் அது. வாராவாரம் பூச்சி நோய் நிலவரம் அனுப்ப வேண்டும். அன்றைக்கு நல்ல மழை, வரப்பெல்லாம் சேறு. ஸ்கூட்டியை விட்டு இறங்க மனசில்லை. ரோட்டோரத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "அண்ணே, பயிர் எப்படி இருக்கு?" என்று கத்தினேன்.

"ஜம்முனு இருக்கு மேடம்!" என்றார். அந்தச் சிரிப்பை நம்பி, தாக்குதல் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ஏ.டி. வந்தார். ஏ.டி. என்றால் உதவி இயக்குநர், எங்கள் மேலதிகாரி. அதே வயலில் இறங்கிப் பயிரை விலக்கிப் பார்த்தார். தூரில் புகையான் பூச்சி அப்பிக் கிடந்தது. நடு வயலில் பாய் விரித்த அளவுக்கு வட்ட வட்டமாகக் காய்ந்திருந்தது. மெமோவைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகப் பக்கிரிசாமியிடம் போனேன்.

"ஏண்ணே, வட்டமா காஞ்சு கிடக்குறது உங்க கண்ணுல படலையா?"

"பட்டுச்சே மேடம். ஆனா அத விட்டுட்டுப் பாத்தா மத்த இடமெல்லாம் ஜம்முனுதானுங்களே இருந்துச்சு?"

வயலில் இறங்காமல் எழுதியது என் தப்பு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் வீடு போய்ச் சேரும்வரை அவரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

2. இப்படியும் ஒரு மனுஷன்

சிலர் கஷ்டத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் சிரிப்பார்கள். பக்கிரிசாமி அந்த ரகம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. அந்த மனுஷனுக்கு உள்ளேயும் அதே சிரிப்புதான்.

சொந்தம் ஒரு மா, குத்தகை எட்டு மா; மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். குத்தகை வயலின் போர்செட்டு மோட்டாரை ஒருநாள் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். விசாரிக்கப் போன என்னிடம், "அத ஒருத்தனா தூக்கியிருந்தான்னா இடுப்பு போயிருக்கும் மேடம், பாவம்" என்றார். திருடனுக்காக வருத்தப்பட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். போலீசில் மனு கொடுக்கச் சொன்னால், போன இடத்தில் ஏட்டோடு சிநேகமாகி டீ குடித்துவிட்டு மனுவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அவர் மனைவி செல்வி அவருக்கு நேர்மாறு. ஒரு மேகம் திரண்டால் போதும், முகம் இருண்டுவிடும். "இவருக்கும் சேத்து நாந்தான் மேடம் கவலப்படணும். ரெண்டாள் வேல" என்பாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கும். அரசாங்கத்துக்கும் அவளைப் போன்றவர்கள்தான் தோதானவர்கள். குறை இருக்கிறது என்று ஒருவர் வாயைத் திறந்து சொன்னால்தான் எங்கள் ஆபீசில் பேப்பர் நகரும். நல்லா இருக்கு என்று சொல்கிறவனுக்கு எந்தப் படிவமும் கிடையாது.

3. கார்கள் வந்து நின்ற இடம்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். சம்பாப் பயிர் தூர் கட்டும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வடிகால் வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து ஏறியது. எட்டு நாள் வடியவே இல்லை. ஊர் மொத்தமும் மூழ்கிக் கிடந்தது. இலை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே பச்சையாகத் தெரியும். ரோட்டில் நின்று பார்த்தால் பயிர் இருப்பது போலத்தான் இருக்கும். இறங்கிப் பிடித்து இழுத்தால் தண்டு கொழகொழவென்று கையோடு வந்துவிடும், நாற்றம் குடலைப் பிடுங்கும். எட்டு நாளும் நான் தொடையளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு வயலாக இழுத்துப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால்தான் நிவாரணப் பட்டியலில் ஊர் சேரும். அங்கே பாதிப் பேர் குத்தகைக்காரர்கள். பட்டியலில் சேராவிட்டால் அடுத்த வருஷம் குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஒன்பதாம் நாள் மாவட்டத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. ஊராட்சித் தலைவரும் நானும் ஊரின் மேற்கே, சேதம் நன்றாகத் தெரிகிற இடத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தோம். அழுகிய பயிரைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கித் தயாராக வைத்திருந்தோம். பாலத்தில் தண்ணீர் ஓடியதால் கார்கள் கிழக்கு ரோட்டில் சுற்றி வந்தன. வந்து எங்கே நின்றன தெரியுமா? பக்கிரிசாமி வயலுக்கு முன்னால்.

நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழுவில் மூன்று பேர் கையில் இளநீர் இருந்தது. தலைவராக வந்தவர் பக்கிரிசாமி தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி தைரியமான விவசாயி வேணும்" என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார். அப்படியே போய்விட்டார்கள். மேற்கே பிடுங்கி வைத்த பயிர்க் கட்டுகள் வைத்த இடத்திலேயே கிடந்தன.

மறுநாள் ஏ.டி. போனில் கூப்பிட்டார். "என்னம்மா, பயிர் தேறிடும்னு உங்க விவசாயியே சொல்லியிருக்காரு. குறிப்புல அப்படியே எழுதியிருக்காங்க. நீங்க என்னன்னா முழுச் சேதம்னு அனுப்பியிருக்கீங்க?"

மறு ஆய்வுக்குக் கெஞ்சினேன். கடைசியில் இரங்கினார். "திங்கக்கிழம நானே வர்றேன். ஆனா அந்த ஆளு அங்க இருக்கணும். அவரு வாயாலதான் மாத்திச் சொல்லணும்."

4. ஒத்திகை

ஊர்க்காரர்கள் பக்கிரிசாமியைப் பூம்புகாரில் மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக இருந்தார்கள். ஏ.டி. சொன்னதைக் கேட்டதும் ஊராட்சித் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தாளு வாயில ஊரு வாழ்க்க மாட்டிக்கிச்சே மேடம்!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். செல்வி காலில் கட்டோடு நாற்காலியில் இருந்தாள். மழை தொடங்கிய அன்றே வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகி, அவள் வயல் பக்கமே போகவில்லை.

"அண்ணே, நாளைக்கு ஏ.டி. கேட்டா, எல்லாம் போச்சுங்கன்னு சொல்லணும். எங்க, ஒரு தடவ சொல்லுங்க."

"எல்லாம் போச்சுங்க" என்றார். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

"சிரிக்காமச் சொல்லுங்க!"

மறுபடி முயன்றார். உதட்டை இறுக்கிப் பார்த்தார். கன்னம் துடித்தது, கடைசியில் வெடித்துச் சிரித்துவிட்டார். "வாய் சொல்லுது மேடம், மூஞ்சி கேக்க மாட்டேங்குது!"

"எங்க கல்யாணத்துல இருந்தே அப்படித்தான்" என்றாள் செல்வி. "ஆனா மேடம், அவரு தேறும்னுதானே சொல்றாரு? நெசமாவே தேறாதா?"

நான் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஊரே கலங்கி நிற்கும்போது இந்த ஆளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தச் சிரிப்பு என்று வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

5. முப்பத்தாறு குத்து

திங்கட்கிழமை தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. ஏ.டி. வந்தார். ஊரே வரப்பில் நின்றது. தலைவரின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து செல்வியும் வந்திருந்தாள்.

"என்னங்க பெரியவரே, பயிர் தேறுமில்ல?" என்று ஏ.டி. கேட்டார்.

பக்கிரிசாமி முகம் மலர ஆரம்பித்தது. வாய் திறக்கப் போகிறது. அந்த நொடியில் எனக்கு உறைத்தது. நானும் இத்தனை வருஷமாக இவரிடம் இப்படித்தான் கேட்டிருக்கிறேன். நல்லா இருக்கா, தேறுமா, ஒண்ணும் பிரச்சினை இல்லையே. நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டால் இவர் நல்ல வார்த்தைதான் திருப்பித் தருவார், விருந்தாளிக்கு இளநீர் தருகிற மாதிரி.

"சார், ஒரு நிமிஷம்" என்று குறுக்கே விழுந்தேன். வண்டியிலிருந்து ஒரு சதுர மீட்டர் இரும்புச் சட்டத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அண்ணே, எதுவும் சொல்ல வேணாம். உள்ள போயி இத வச்சு, எத்தன குத்து இருக்கு, அதுல எத்தன குத்து உசுரோட இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

இறங்கினார். சட்டத்தை வைத்தார். குத்து என்றால் ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்து; குனிந்து ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தார். வரப்பு வரைக்கும் அவர் குரல் கேட்டது.

"இது போச்சு. இது போச்சு. இதுவும் போச்சு. இது இருக்கு. போச்சு. போச்சு."

ஒரு குத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. முப்பத்தாறில் நாலு. இன்னொரு இடத்தில் வைக்கச் சொன்னேன். முப்பத்தஞ்சில் மூணு. மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. ஏ.டி. தானும் இறங்கி நாலு குத்தை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"அப்புறம் ஏங்க அன்னைக்குத் தேறும்னு சொன்னீங்க?"

"அவங்க ரொம்ப தூரத்துல இருந்து வந்தாங்க சார். 'கவலப்படாதீங்க, தேறிடும்ல?'ன்னு ஆசையா கேட்டாங்க. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

ஏ.டி. சிரித்துவிட்டார். தலைவர் கும்பிட்டார். எனக்கு மட்டும் கோபம் தலைக்கேறியது. ஊர் பிழைத்தது என்று தெரிந்த பிறகுதான் கோபப்படவே தெம்பு வந்தது. அப்போதுதான் செல்வி வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்தேன். பயிர் போய்விட்டது என்பது அவளுக்கு அந்த எண்ணிக்கையில்தான் தெரிந்திருக்கிறது.

"ஏண்ணே, கட்டுன பொண்டாட்டிகிட்டயாவது உண்மையச் சொல்லக் கூடாதா? இப்படியா ஒரு மனுஷன் இருப்பான்?" ஊருக்கு நடுவில் என்று பார்க்காமல் கத்தினேன்.

அவர் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தார். பதில் சொன்னது செல்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரத் திட்டாதீங்க மேடம். இவரு தேறும்னு சொல்லப் போயித்தான் இந்தப் பத்து நாளும் நான் சோறு தின்னேன், தூங்குனேன்."

அந்தப் பத்து நாளும் எந்த வயலில் எவ்வளவு அழுகல் என்று ஊரிலேயே துல்லியமாகத் தெரிந்தவள் நான்தான். சாப்பாடு இறங்கவில்லை, கண் மூடவில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அப்படித் தெரிந்துவைத்துக்கொண்டு நான் ஒரு குத்தைக்கூடக் காப்பாற்றவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். விவசாயியிடம் பயிர் எப்படி இருக்கிறது என்று ரோட்டில் நின்று கேட்காதீர்கள். சட்டத்தைக் கையில் கொடுங்கள், எண்ணச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டில் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். எண்ணி முடித்த பிறகு அவர் சிரித்தால், அதற்காக அவரைத் திட்டாதீர்கள். நான் திட்டினேன். பக்கிரிசாமி இன்றுவரை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.