ஓலையும் பன்னும் தும்பும்

பை பின்னுகிறவள் பனையோலையைக் கண்ணால் வாங்கமாட்டாள், மூக்கால்தான் வாங்குவாள். நல்ல ஓலையில் முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் இருக்கும். இந்த வேலையில் விரல் வெடித்த சகோதரிகளுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் பொழுதுபடச் செபமாலை சொல்லி முடித்ததும் ஓலையைக் கூரையில் பனிக்குப் போடுவேன். விடிய எடுத்தால் துணிபோல வளையும். அந்த நேரம் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது, ஓலைக்குள்ளிருந்தே வருகிற மாதிரிக் கேட்கும்.

அது உலகச் சண்டைக் காலம். என் கடைசி மகன் அருளப்பு கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். மூத்தவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. மறித்து வைக்க என்னாலும் முடியவில்லை. போகிறவனுக்கு ஒரு பையாவது நான் பின்னிக் கொடுக்கவேண்டும், அது அவனைவிட்டு இடையில் போகாததாக இருக்கவேண்டும். எதில் பின்னுவது என்பதுதான் அந்த மாதங்களில் என் யோசனையும் செபமும்.

வெள்ளைப் பை

வெள்ளவத்தையில் எனக்கு வாடிக்கையான யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். கணவர் கந்தோரில் பெரிய உத்தியோகம். குருத்தோலைப் பை பால்போல வெள்ளையாக இருக்கும், ஆனால் பாரம் தாங்காது. "சார்வோலையில எடுங்கோ அம்மா, நிறம் மங்கல்தான், ஆனால் முத்தின ஓலை, உழைக்கும்" என்றேன். அவர் தன் சேலைக் கரையோடு வெள்ளைப் பையை வைத்துப் பார்த்துச் சிரித்தார். வெள்ளையையே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை காலி வீதியில் பிடி அறுந்து, தேங்காய் உருண்டு போய் ஒரு ரிக்‌ஷாவுக்குக் கீழே படுத்துக்கொண்டதாம். அறுந்த பையைக் கொண்டுவந்து காட்டியவர் தன் தெரிவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பையில ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. இப்ப வாற தேங்காய்தான் சரியான பாரம்."

மழைக்காலத்துப் பன்

பாய் இழைக்கிற பன்புல் மெத்தென்று இருக்கும். மடியில் வைத்துப் பின்னினால் நித்திரை வரும். கனவிலும் கை பின்னிக்கொண்டிருக்கும். மகனுக்கு இதுதான் என்று ஒருதரம் நினைத்தேன். கொச்சிக்கடையில் புடைவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கவென்று கொஞ்சப் பன் பைகள் எடுத்தார். பிறகு மழை பிடித்தது. வெயிலே முகம் காட்டவில்லை.

நானா ஒரு பையைக் கவிழ்த்து என் முன்னே வைத்தார். அடியெல்லாம் சாம்பல் பூத்து, ஓரத்தில் குடை விரித்தமாதிரி ஒன்று முளைத்திருந்தது. நான் வெட்கத்தோடு முந்தானையால் அதைத் துடைக்கப் போனேன். அவர் கோபிக்கவில்லை.

"எங்கட வீட்டில சொல்றாங்க, இன்னும் ரெண்டு நாள் வெச்சிருந்தாக் கறிக்கே போதுமாம்."

உப்புக் குடித்த தும்பு

தென்னந்தும்பைக் கயிறாக்கிப் பின்னினால் பார்க்க அழகில்லை, உடம்பிலும் குத்தும். ஆனால் தேங்காய் மட்டையைக் கடலோரக் களப்பின் உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு அடித்தெடுத்த தும்பு அது. உப்பு அதற்குப் பழகின சாப்பாடு. மீன் விற்கிற சிங்கள மனுசி சோமாவதி அதில் ஒரு பை எடுத்துப் போனாள். நாள் தவறாமல் மீன் தண்ணீர் வடிந்தும், வருடம் திரும்பியும், ஒரு இழை போகவில்லை. குத்துகிறதா என்று பயந்து பயந்து கேட்டேன். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயோ அக்கே, போற வழியெல்லாம் இடுப்பைச் சொறிஞ்சு விடுது. எங்கட மனுசன்கூடக் கேட்டாத்தானே செய்வான்!"

மகனுடைய பை

அன்றைக்கே மனம் தெளிந்தது. பையின் உடம்புக்குச் சார்வோலை, இரண்டு பட்டாகப் பின்னிப் பொத்தினேன். பிடியைப் பக்கத்தில் தைத்து விடவில்லை. தும்புக் கயிற்றை ஒரு பக்கத்தால் இறக்கி, அடியைச் சுற்றி, மற்றப் பக்கத்தால் ஏற்றினேன். பாரம் முழுவதையும் கயிறே ஏந்தும், ஓலை அழுந்தாது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு அருள்நிறை மரியே. எங்கே கப்பல் போகும், எப்படிக் கடல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் நீலம் மட்டும் தெரியும், அதில் இந்தப் பை ஆடி ஆடிப் போகும்.

துறைமுக வாசலில் அவன் அதைத் தூக்கிப் பார்த்தான்.

"இது பையா நங்கூரமா, அம்மா?"

வெறுங்கை

பிறகு ஒரு செய்தியும் இல்லை. கப்பல்கள் கடலில் தாழ்ந்த கதைகள் மட்டும் எங்கள் குறுகின ஒழுங்கைக்குள் வரும். நான் அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து ஓலையைக் கீற்றுக் கீற்றாக வார்ந்துகொண்டிருப்பேன்.

ஒரு பின்னேரம், ஒழுங்கை முனையில் வெயிலுக்குள்ளே ஒரு மெலிந்த உருவம் வந்தது. கன்னம் ஒட்டி, தலை மொட்டை அடித்து, கை வெறுங்கையாய். அவன்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டதாம். கட்டிப் பிடித்து அழவேண்டிய நான், அவன் கையைப் பார்த்து, "பை எங்க மகன்?" என்று கேட்டேன். அவன் படியில் உட்கார்ந்து, என் மடியில் கிடந்த ஓலையைத் தள்ளிவிட்டுத் தலையை வைத்தான்.

"அது இன்னும் கப்பலில நல்லாத்தான் இருக்குது. நான்தான் கிழிஞ்சு வந்திருக்கிறன் அம்மா."

எந்தப் பை கன காலம் உழைக்கும் என்று இப்போது யாராவது கேட்டால், வீட்டுக்குத் திரும்பி வராத பைதான் என்று சந்தோஷமாகச் சொல்லிவிடுகிறேன்.