கழுவாத சாம்பல்

எனக்குப் பழிவாங்கத் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. நன்றாகவே தெரியும். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடிந்த கோடையில் ஒரு முறை செய்தேன். நினைக்கும்போதெல்லாம் இன்றும் வயிறு குளிர்கிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எங்கே திரும்பினாலும் நானோ டெக்னாலஜி, நானோ டெக்னாலஜி என்று பேச்சு. நகரத்தின் தென்கோடியில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் கோடைப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்த பேராசிரியர் கப்பல்களுக்கு ஒரு பெயிண்ட் தேடிக்கொண்டிருந்தார். அனல்மின் நிலையச் சாம்பலில், உள்ளே காற்று அடைத்த குட்டிக் குண்டுகள் உண்டு. அவற்றின் மேல் நானோ பூச்சு ஏற்றிப் பெயிண்டில் கலந்தால் இரும்பு துருப்பிடிக்காது என்பது அவர் எண்ணம். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவருக்கு உதவியாக என்னைப் போட்டார்கள். "எண்ணூர்ப் பொண்ணா? நல்லதாப் போச்சு, சாம்பல் மூட்டை தூக்க ஆள் கிடைச்சாச்சு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

எங்கள் எண்ணூர் அனல்மின் நிலையத்தில் சாம்பலைக் கடல்தண்ணீரில் கரைத்துத்தான் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குண்டுகளுக்குக் கனமில்லை என்பதால் குட்டையின் மேலே பாலாடைபோல மிதக்கும். அனுமதி வாங்கி, துணியால் வடித்து எடுத்தேன். எடுத்ததை அப்படியே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. உப்புக் காற்றில் வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பதென்றால் முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைப்பார்கள். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் உப்பு பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும். அதனால் வடித்தெடுத்த அந்தப் பொடியையும் லாரித் தண்ணீரில் பல தரம் அலசினேன். தெருவே குடத்தோடு வரிசையில் நின்ற கோடை அது. அம்மா பொரிந்து தள்ளினாள்: "குடிக்கவே தண்ணி இல்லாம பேஜாரா கீது, நீ இன்னாடி சாம்பலைக் குளிப்பாட்டிகினு கீற?"

பெயிண்டும் பொடியும் சேர்ந்து ஒட்டும் பதத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். பூசிய இரும்புத் தகடு உப்புத் தண்ணீரில் கிடந்தும் பளபளவென்று இருந்தது. பேராசிரியர் குழந்தைபோலத் துள்ளினார். இதைப் பற்றி அவர் வெளியிடப்போகும் ஆய்வுத்தாளில் பெயர் வந்தால் மேற்படிப்புக்கு அவரே சேர்த்துக்கொள்வார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வராவிட்டால் எனக்கு அப்பா சொல்லிவைத்திருந்த ஷிப்பிங் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலைதான். அந்தப் பெயர் எனக்குப் பசிக்குச் சோறு மாதிரி வேண்டியிருந்தது.

ஆய்வுத்தாள் வெளிவருவதற்கு முன்பாக, வேலையை விளக்கும் ஒரு பெரிய சார்ட் அச்சாகி வந்தது. மேலே பேராசிரியர் பெயர், கீழே ஆராய்ச்சி மாணவர் பெயர். அவ்வளவுதான்.

போய்க் கேட்டேன். "பொடி அள்ளினதுக்கெல்லாம் பேர் போட்டா லாரி டிரைவர் பேரையும் போடணும்மா" என்றார் அந்த ஆராய்ச்சி மாணவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெயிண்ட் கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க. அன்னிக்கு நீ வாயைத் திறக்காத. கீது, வூடுன்னு எதையாவது உளறிவைப்ப" என்றார்.

அது என் அம்மா பேசும் பேச்சு. காது இரண்டும் சூடேறிவிட்டன. அழவில்லை. அழுதால் அவருக்குத்தான் கொண்டாட்டம்.

நிஜக் கடலிலேயே காட்டலாம் என்று ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தில் தகடுகளைத் தொங்கவிட முடிவாயிற்று. புதுத் தகடுகளுக்கு நிறையப் பொடி வேண்டும். என்னைக் கேட்டால் பங்கு கேட்பேன் என்று பயந்தாரோ என்னவோ, அவரே காரில் போய் குட்டையிலிருந்து மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, வெயிலில் உலர்த்தி, அப்படியே கலந்தார். "அண்ணா, அதைக் கழுவி..." என்று ஆரம்பித்தேன். "உன்னைக் கேட்டேனா?" என்றார். சரி, கேட்கவில்லைதான்.

தகடுகளைக் கயிற்றில் கட்டி, துறைமுகக் கம்பம் ஒன்றிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிடுவது என் வேலை. "உனக்குப் பக்கம்தானே, தினமும் ஒரு எட்டுப் பார்த்துக்கோ" என்றார். தெற்கே இருப்பவர்களுக்கு ராயபுரமும் எண்ணூரும் ஒரே தெரு. அதே கம்பத்தில், நான் அலசிய பொடி பூசிய தகடு ஒன்றையும் கட்டினேன். மீன் நாற்றம் ஆகாது என்று அவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு வாரம் தாண்டியதும் அவருடைய தகடுகளில் கொப்புளம் கிளம்பியது. "கயிறெல்லாம் சரியா இருக்கா?" என்று ஆய்வுக்கூடத்தில் கேட்பார். "கயிறு நல்லா இருக்குண்ணா" என்பேன். பொய்யில்லை.

அந்த நாளும் வந்தது. கம்பெனிக்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். சார்ட்டை ஒரு ஐஸ் பெட்டிமீது சாய்த்துவைத்தோம். முதல் தகடு மேலே வந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, அம்மை போட்ட மாரி கீது!" என்றார். படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த தகட்டுக்கும் அம்மை. அதற்கடுத்ததற்கும்.

"யார் செஞ்சது இதை?" என்றார் பேராசிரியர்.

"இந்தப் பொண்ணுதான் சார்" என்று என்னைக் கைகாட்டினார் ஆராய்ச்சி மாணவர். கண் இமைக்கக்கூட இல்லை. பளபளப்பில் எனக்குப் பங்கில்லை, கொப்புளம் மட்டும் முழுசாக என்னுடையது. அதுவரை மனசின் ஓரத்தில் அவரை நினைத்துக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அதுவும் போயிற்று.

கடைசிக் கயிற்றை இழுத்தேன். என் தகட்டின் ஓரத்தில் லேசாகப் பாசி. மற்றபடி பூசிய அன்றுபோலவே இருந்தது.

"இதுதான் சார் நான் செஞ்சது. அது அவரு செஞ்சது. ரெண்டும் ஒரே கம்பத்துலதான் தொங்கிச்சு."

பேராசிரியர் அதை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். "இதுல என்ன வித்தியாசம்?"

எல்லோர் காதிலும் விழும்படி, வேண்டுமென்றே எங்கள் தெருத் தமிழில் சொன்னேன்: "மேட்டரு கீது சார். சொல்றேன். மொதல்ல அந்த சார்ட்டுல என் பேரு ஏறட்டும்."

கம்பெனிக்காரர் ஒருவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். பேராசிரியர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ஆராய்ச்சி மாணவரிடம் நீட்டினார். "எழுது."

அவர் ஐஸ் பெட்டி முன் குனிந்து, தன் பெயருக்குக் கீழே பேனாவை வைத்தார். வைத்த பேனா நகரவில்லை. கோடை முழுக்க ஒரே மேசையில் வேலை செய்திருந்தோம். கழுத்து சிவக்க, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "உன் பேர் என்ன?"

"கீழ இல்லண்ணா" என்றேன். "உங்க பேருக்கு மேல வைங்க பேனாவை. அப்புறம் சொல்றேன்."